சீன வரலாற்றையும் மேற்கத்திய வரலாற்றையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குவது எப்படி?

கி.மு. 202-ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு போர்கள் நடந்தன. அந்த ஆண்டின் தொடக்கத்தையொட்டி, கிழக்குச் சீனாவில் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே காய்சியா என்ற இடத்தில் பின்னர் முதல் ஹான் பேரரசரான லியூ பாங்கின் படைகள், அவருடைய போட்டியாளனான சூ நாட்டுத் தலைவன் சியாங் யூவைச் சுற்றி வளைத்தன. அதே ஆண்டின் பிற்பகுதியில், இன்றைய துனிசியாவில் உள்ள ஸாமாவில் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ, ரோமின் எதிரி அரசான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலைத் தோற்கடித்தார். முதல் போரிலிருந்து ஹான் அரசமரபு பிறந்தது. இரண்டாவது போர் மேற்கு மத்தியதரைக் கடலை ரோமின் கையில் கொடுத்தது. இரண்டு போர்களைப் பற்றியும் நமக்குக் கிடைத்திருக்கும் சிறந்த விவரிப்புகளை எழுதிய சீனாவின் சிமா சியென், கிரேக்கரான பொலிபியஸ் ஆகிய இருவரும் ஏறக்குறைய ஒரே நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள், இருவருமே வாழ்க்கையில் பெரும் வீழ்ச்சியைக் கண்டவர்கள். சீன வரலாற்றையும் மேற்கத்திய வரலாற்றையும் புதிதாகப் படிக்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்பது என் கருத்து. இந்த வழிகாட்டி அந்த வாசலின் வழியாகவே செல்கிறது.

பெரும்பாலோர் தொடங்கும் முறை வேறு. ஆதிகாலம் முதல் இன்றுவரை எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் அடக்கிய பருமனான நூலை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று முறையும் சௌ அரசமரபின் சிற்றரசுகளுக்குள் வழி தெரியாமல் நின்றுவிட்டேன். அத்தகைய நூலில் ஒரு நூற்றாண்டுக்கு இருபது பக்கம்தான் கிடைக்கும். பெயர்கள் மனத்தில் தங்குவதற்குள் அடுத்த அரசமரபு வந்துவிடும். ஒரு சிறிய காலப்பகுதியை நன்றாக அறிந்துகொண்ட பிறகு அதே நூலைத் திறந்தால், அது வேறு நூல் போலத் தோன்றும். ஆகவே அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆறு மாதத்திற்கு அலமாரியில் வைத்துவிடுங்கள்.

படி 1: வாசலைக் குறுக்குதல்

கி.மு. 264 முதல் கி.பி. 220 வரையிலான காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோம் கார்த்தேஜுடன் முதல் போரைத் தொடங்கியதிலிருந்து, சீனாவில் ஹான் பேரரசு கலைந்தது வரையிலான ஏறத்தாழ 500 ஆண்டுகள் இவை. இந்தக் காலத்தைப் பரிந்துரைப்பதற்கு ஒரே சமயத்தில் இரண்டு பேரரசுகள் எழுந்தன என்பது மட்டும் காரணம் அன்று. பிற்காலச் சீனர்களும் ஐரோப்பியர்களும் தங்களைப் பற்றிச் சிந்தித்தபோதெல்லாம் திரும்பிப் பார்த்தது இந்தக் காலத்தைத்தான். சீனாவின் பெரும்பான்மை மக்கள் இன்றும் தங்களை ஹான் மக்கள் என்கிறார்கள். ஜெர்மானியப் பேரரசரின் 'கைசர்' பட்டமும் ரஷ்யப் பேரரசரின் 'ஜார்' பட்டமும் சீசர் என்ற ரோமானியப் பெயரிலிருந்து வந்தவை. இங்கே அடித்தளம் போட்டுவிட்டால், பிற்காலத்தவர் எதைத் தொட்டுப் பேசுகிறார்கள் என்பது தானாகப் புரியத் தொடங்கும்.

நவீன காலத்தில் மட்டுமே ஆர்வம் உள்ளவர் 1793 முதல் 1842 வரையிலான பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அதைப் பற்றிக் கடைசிப் படியில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னறிவு சற்று அதிகமாகத் தேவைப்படும்.

படி 2: நிலத்தை வரைதல்

முதல் வாரம் எதையும் படிக்க வேண்டாம். இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து, நிலப்படத்தைப் பார்த்துக் கையால் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை.

சீனத் தாளில் மஞ்சள் ஆறு, ஹுவாய் ஆறு, யாங்சி ஆறு ஆகிய மூன்றையும் வரைந்து, சாங்கான் (இன்றைய சியான்), லுவோயாங் ஆகிய தலைநகரங்களைக் குறியுங்கள். மஞ்சள் ஆறு வண்டல்மண் மேட்டு நிலத்தை அரித்துக்கொண்டு வருவதால் அதன் படுகை உயர்ந்துகொண்டே போகிறது. கரைகளை மேலும் மேலும் உயர்த்த வேண்டியிருந்தது. கரை உடைந்தபோது மாவட்டங்கள் மூழ்கின. ஹுவாய் ஆற்றை ஒட்டிய கோட்டுக்கு வடக்கே தினையும் கோதுமையும், தெற்கே நெல்லும் முதன்மைப் பயிர்கள். பிற்காலத்தில் நாடு வடக்கு, தெற்கு என்று பிளவுபட்டபோதெல்லாம் எல்லை பெரும்பாலும் இந்தக் கோட்டின் அருகிலேயே அமைந்தது. சாங்கான் அமைந்துள்ள சமவெளியைச் சுற்றிலும் மலைகள்; கிழக்கே ஹாங்கு கணவாய். சின் அரசும் பிறகு ஹான் அரசும் அங்கே ஏன் அமர்ந்தன என்பதற்கான பாதி விடை இந்தப் படத்திலேயே இருக்கிறது.

ரோமானியத் தாளில் நடுவில் கடல் இருக்க வேண்டும். நிலத்தைச் சுற்றிக் கடல் இருப்பதுபோல் வரைந்துவிட்டால் ரோம் புரியாது. கடலைச் சுற்றியிருந்த நிலமே ரோமானியப் பேரரசு. மாட்டு வண்டியில் தானியம் ஏற்றுவதைவிடக் கப்பலில் ஏற்றுவது மிகவும் மலிவு என்பதால், ரோம் நகரம் சிசிலியிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பிறகு எகிப்திலிருந்தும் வந்த தானியத்தைத் தின்று வளர்ந்தது. ரோம், கார்த்தேஜ், ஸாமா, ஏதென்ஸ், அலெக்சாந்திரியா ஆகியவற்றைக் குறித்தால் தொடக்கத்திற்குப் போதும்.

படி 3: காலத்திற்கு ஆணி அடித்தல்

ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் பள்ளிப் பழக்கம் பலரை வரலாற்றிலிருந்தே விரட்டிவிட்டது. ஆனால் சட்டையை மாட்டுவதற்குச் சுவரில் சில ஆணிகளாவது வேண்டும். சீனப் பக்கத்திற்கு: கி.மு. 221-இல் சின் அரசன் மற்ற அரசுகளை வென்று முதல் பேரரசர் ஆனார், 209-இல் கிளர்ச்சி வெடித்தது, 202-இல் ஹான் நிலைபெற்றது, 141-இல் பேரரசர் வூ அரியணை ஏறினார், கி.பி. 9 முதல் 23 வரை வாங் மாங் இடையில் ஆட்சியைப் பறித்தார். 184-இல் மஞ்சள் தலைப்பாகையர் கிளர்ச்சி. 220-இல் கடைசி ஹான் பேரரசர் அரியணையை விட்டு இறங்கினார். ரோமானியப் பக்கத்திற்கு: கி.மு. 264, 218 ஆகிய ஆண்டுகளில் முதல் இரண்டு கார்த்தேஜ் போர்களின் தொடக்கம், 146-இல் கார்த்தேஜ் தரைமட்டம், 44-இல் ஜூலியஸ் சீசர் கொலை, 27-இல் முதல் பேரரசருக்கு அகஸ்டஸ் என்ற பட்டம், கி.பி. 161 முதல் 180 வரை பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ்; 476-இல் மேற்கில் கடைசிப் பேரரசர் பதவி நீக்கம்.

குறிப்பேட்டில் இடப்பக்கம் சீனா, வலப்பக்கம் ரோம் என்று பிரித்துக்கொண்டு, படிக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அதன் ஆண்டுக்கு நேரே ஒரு வரியில் எழுதி வாருங்கள். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1; இடையில் சுழி ஆண்டு இல்லை என்பதைக் கணக்கிடும்போது மறக்கக் கூடாது.

படி 4: பெயர்களோடு சமாதானம் செய்துகொள்ளுதல்

தமிழ் வாசகர் சீன வரலாற்றைக் கைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான். எனவே இதற்கு ஒரு வாரத்தை முழுமையாகக் கொடுப்பது நல்லது.

முதல் சிக்கல் ஒலிபெயர்ப்பு. பழைய ஆங்கில நூல்கள் வேட்-ஜைல்ஸ் முறையைப் பின்பற்றின. இன்றைய நூல்கள் 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் முறையைப் பின்பற்றுகின்றன. அதனால் ஒரே மனிதர் இரண்டு நூல்களில் இரண்டு ஆட்களைப்போலத் தோன்றுவார். நம் பாடநூல்களின் யுவான் சுவாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: அவரே வேறு நூல்களில் ஹுவான் சாங், சுவான்சாங் என்றெல்லாம் வருகிறார். பின்யின் முறையில் க்யூ என்ற ஆங்கில எழுத்து 'ச்ச' ஒலியையும், எக்ஸ் என்ற எழுத்து 'ஷ'வுக்கும் 'ச'வுக்கும் இடைப்பட்ட ஒலியையும் குறிக்கும். இந்த இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் பாதித் தடுமாற்றம் தீர்ந்துவிடும். சின், ஜின், சிங் ஆகிய மூன்றும் வெவ்வேறு அரசமரபுகள் என்பதையும், ஜின் என்ற பெயரிலேயே எழுத்தளவில் வேறுபட்ட இரண்டு இருந்தன என்பதையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தமிழ் எழுத்தில் இவை எளிதில் குழம்பும்.

இரண்டாவது சிக்கல், ஒரே பேரரசருக்குப் பல பெயர்கள் இருப்பது. லி ஷிமின் என்பது பிறப்புப் பெயர். இறந்த பிறகு மூதாதையர் கோயிலில் இடப்பட்ட பெயர் தாய்சோங். அவருடைய ஆட்சிக்காலத்திற்கு இடப்பட்ட பெயர் செங்குவான். மூன்றும் 7-ஆம் நூற்றாண்டின் அந்த ஒரே தாங் பேரரசரைக் குறிப்பவை. தாய்சோங் என்ற கோயில் பெயர் சோங் அரசமரபிலும் உண்டு. எனவே அரசமரபின் பெயரைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மிங், சிங் காலங்களில் ஒரு பேரரசருக்கு ஒரே ஆட்சிக்காலப் பெயர் என்ற வழக்கம் ஏற்பட்டதால், காங்சி, சியென்லோங் போன்ற ஆட்சிக்காலப் பெயர்களையே பேரரசரின் பெயராக வழங்குகிறோம்.

மேற்கத்தியப் பெயர்கள் எளியவை என்று நினைத்தால், ஸ்கிப்பியோக்களைச் சந்திக்கும்போது அந்த எண்ணம் மாறிவிடும். ஹன்னிபாலை வென்றவர் ஒரு ஸ்கிப்பியோ. 146-இல் கார்த்தேஜை அழித்தவர், அவருடைய மகனுக்குத் தத்துப் பிள்ளையாக வந்த மற்றொரு ஸ்கிப்பியோ. முன்னவரை ஆப்பிரிக்கானஸ் என்றும், பின்னவரை எமிலியானஸ் என்றும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: நூல்கள்

எப்போதும் இரண்டு நூல்கள் மேசைமேல் இருக்க வேண்டும்: இன்றைய அறிஞர் ஒருவர் எழுதிய வரலாறு ஒன்று, அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட மூலநூலின் மொழிபெயர்ப்பு ஒன்று. முதலாவதை மட்டும் படித்தால் ஒருவருடைய முடிவுகளை விழுங்கியவர்களாவோம். இரண்டாவதை மட்டும் படித்தால் காட்டில் அலைவோம். இன்றைய நூலைத் தேர்ந்தெடுக்கும்போது, கடையில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அடிக்குறிப்புகளும் பெயரடைவும் நிலப்படங்களும் இல்லாத நூலை, முன்னட்டை எவ்வளவு கவர்ந்தாலும், வாங்க வேண்டாம்.

சீன மூலநூல்களில் தொடங்க வேண்டியது சிமா சியென் எழுதிய ஷிஜி. மொத்தம் 130 அத்தியாயங்கள்; அரசர்களின் ஆண்டுவரலாறு 12, காலவரிசை அட்டவணைகள் 10, நாட்காட்டி, சடங்கு, ஆறுகள், பொருளாதாரம் போன்றவை குறித்த கட்டுரைகள் 8, பரம்பரைக் குடும்பங்கள் 30, தனிமனிதர் வரலாறுகள் 70 என்று ஐந்து பகுதிகள். பிற்காலத்தில் அரசமரபுகளுக்காக எழுதப்பட்ட அதிகாரபூர்வ வரலாறுகள் பெரும்பாலும் இந்த அமைப்பைத் தழுவின. பர்ட்டன் வாட்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு படிக்கத் தடையில்லாதது. ஹான் காலப் பகுதி 1961-இல் வெளிவந்தது, சின் காலப் பகுதி பின்னர் சேர்ந்தது. ரோமானியப் பக்கத்திற்குப் பொலிபியஸ். அவர் 40 புத்தகங்கள் எழுதினார். முதல் ஐந்து மட்டுமே முழுமையாகக் கிடைத்துள்ளன, மற்றவை பகுதிகளாக. பேட்டனின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழிலேயே தொடங்க விரும்புவோருக்கு வெ. சாமிநாத சர்மாவின் 'சீனாவின் வரலாறு', 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' ஆகியவை இருக்கின்றன. அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. தெளிந்த நடைக்காகவே படிக்கலாம். ஆனால் அந்தச் சீன நூலுக்குப் பின்னர்தான் சியான் அருகே சுடுமண் வீரர்கள் 1974-இல் வெளிப்பட்டார்கள். கல்லறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான மூங்கில் சுவடிகள் கிடைத்ததும் பெரும்பாலும் அதற்குப் பின்னர்தான். எனவே கதைப்போக்குக்கு அவரையும், சின் காலத்தைப் பற்றிய தீர்ப்புகளுக்கு இன்றைய நூலையும் நாடுவது சரியாக இருக்கும்.

படி 6: இரண்டு அத்தியாயங்களை அருகருகே படித்தல்

ஆறு மாதங்களில் மிகவும் பயன் தரும் பகுதி இதுவே. ஷிஜியின் 7-ஆம் அத்தியாயமான சியாங் யூவின் வரலாற்றையும், பொலிபியஸின் 15-ஆம் புத்தகத்தில் வரும் ஸாமாப் போரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கதைக்காகப் படியுங்கள்; பென்சிலைத் தொடாதீர்கள்.

காய்சியாவில் இரவு நேரம். முற்றுகையிட்ட ஹான் படைகளின் பக்கமிருந்து நாற்புறமும் தன் சொந்த சூ நாட்டுப் பாடல்கள் கேட்பதைக் கேட்டுச் சியாங் யூ திடுக்கிடுகிறான்: சூ நாடு முழுவதும் எதிரியிடம் போய்விட்டதா? காதலி யூ அருகில் இருக்க, தன் குதிரையைப் பற்றியும் அவளைப் பற்றியும் பாடுகிறான். பிறகு 800 குதிரை வீரர்களோடு முற்றுகையை உடைத்துக்கொண்டு தெற்கே ஓடுகிறான். ஹுவாய் ஆற்றைக் கடக்கும்போது நூறு பேர்தான் மிச்சம். பிறகு 28 பேர். வூ ஆற்றின் கரையில் ஓர் ஊர் அதிகாரி படகோடு காத்திருந்து, ஏறும்படி வேண்டுகிறார். என்னோடு ஆற்றைக் கடந்து மேற்கே வந்த 8000 இளைஞர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, அவர்களுடைய தந்தையர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சொல்லி, குதிரையை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் போரிட்டுத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான். உடலைத் துண்டுபோட்டு எடுத்துச் சென்ற ஐந்து பேருக்கும் ஹான் பேரரசர் பிரபுப் பட்டம் அளித்தார்.

பொலிபியஸில், போருக்கு முன் ஹன்னிபாலும் ஸ்கிப்பியோவும் தத்தம் வீரர்களைப் பின்னே நிறுத்திவிட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு மட்டும் நடுவே வந்து சந்திக்கிறார்கள். ஹன்னிபால் விதியின் நிலையாமையைப் பற்றி நீளமாகப் பேசுகிறார். சமாதானம் அமையவில்லை. மறுநாள் 80-க்கும் மேற்பட்ட யானைகள் ஏவப்படுகின்றன; ஸ்கிப்பியோ தன் காலாட்படையின் அணிகளுக்கிடையே நேரான சந்துகளை விட்டு வைத்திருந்ததால், யானைகளில் பல அவற்றின் வழியே ஓடிப் பயனற்றுப் போகின்றன. ரோமானியரோடு சேர்ந்த நுமிடிய அரசன் மசினிசாவின் குதிரைப்படை, விரட்டிச் சென்ற எதிரிகளை விட்டுத் திரும்பி வந்து பின்னாலிருந்து தாக்குவதோடு போர் முடிகிறது.

இரண்டாவது முறை பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதுங்கள்: இதை யார் கேட்டார்கள்? ஆற்றங்கரையில் சியாங் யூ சொன்னதைக் கேட்ட அவனுடைய வீரர்கள் எல்லோரும் மடிந்துவிட்டார்கள். முற்றுகையிடப்பட்ட கூடாரத்தில் அவன் பாடிய பாட்டை யார் வெளியே கொண்டு வந்தார்கள் என்ற ஐயத்தைச் சீன அறிஞர்களே எழுப்பியிருக்கிறார்கள். இரண்டு தளபதிகளின் தனிச் சந்திப்பைப் பொலிபியஸ் எப்படி அறிந்தார்?

இங்கேதான் எழுதியவரின் வாழ்க்கைக்குள் நுழைய வேண்டும். பொலிபியஸ் ஒரு கிரேக்க அரசியல்வாதி, கி.மு. 167-இல் பிணையாளராக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட ஆயிரம் கிரேக்கர்களில் ஒருவர். அங்கே இளைய ஸ்கிப்பியோவான எமிலியானஸின் ஆசிரியராகவும் நண்பராகவும் ஆனார். கார்த்தேஜ் எரிந்தபோது அவர் அருகில் நின்றார். ஆகவே மூத்த ஸ்கிப்பியோவைப் பற்றி அந்தக் குடும்பத்தில் வழங்கிய கதைகள் அவருக்குக் கிடைத்திருக்கும்; கதைகளோடு அந்தக் குடும்பத்தின் பெருமையும் சேர்ந்தே வந்திருக்கும். சிமா சியென் அரசவையின் வானியல் மற்றும் பதிவுத் துறை அதிகாரி. சியுங்நு நாடோடிகளிடம் சரணடைந்த லி லிங் என்ற தளபதிக்காகப் பேசியதால் பேரரசர் வூவின் சினத்துக்கு ஆளாகி, ஆண்மை நீக்கும் தண்டனையைப் பெற்றார். உயிரை விட்டுக் கௌரவத்தைக் காப்பதே அந்நாளைய வழக்கம். தந்தை தொடங்கி வைத்த வரலாற்றை முடிப்பதற்காகவே அந்த இழிவைச் சுமந்து உயிர்வாழ்ந்ததாக, நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்கிறார்.

இனி ஒரு சிறிய விவரம். சியாங் யூவின் உடலைப் பங்கிட்ட ஐவரில் ஒருவர் யாங் சி. அவர் துரத்தி வந்தபோது சியாங் யூ விழித்துப் பார்த்து அதட்டியதாகவும், அவரும் குதிரையும் மிரண்டு பல லி (சீனத் தொலைவு அளவு) தூரம் பின்வாங்கியதாகவும் ஷிஜி சொல்கிறது. வெற்றி பெற்ற பிரபுவுக்குப் பெருமை சேர்க்காத இந்தச் செய்தி எப்படி நூலுக்குள் வந்தது? அதே யாங் குடும்பத்தின் வழித்தோன்றலான யாங் சாங் என்பவருக்குத்தான் சிமா சியெனின் மகள் வாழ்க்கைப்பட்டார் என்பது ஹான் வரலாறுகளிலிருந்து தெரிகிறது. தாத்தா அடிவாங்கிய கதையைச் சிரித்தபடி சொல்லும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதுவே வழி என்று நிரூபிக்க முடியாது; ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பெரும் போர்களின் நினைவு, வென்றவர் வீட்டுக்குள் இருந்த ஒரு வரலாற்றாசிரியரின் காதை எட்ட வாய்ப்பிருந்தது என்பதைக் கவனித்த பிறகு, இரண்டு நூல்களையும் நீங்கள் முன்போல் படிக்க மாட்டீர்கள்.

மூன்றாவது முறை தீர்ப்புகளுக்காகப் படியுங்கள். சியாங் யூ ஒருபோதும் பேரரசர் ஆகவில்லை. ஆயினும் சிமா சியென் அவனைத் தனிமனிதர் வரலாறுகளில் சேர்க்காமல் அரசர்களின் ஆண்டுவரலாற்றில் வைக்கிறார். ஹான் அரசவையில் பணிபுரிந்தவர் செய்த இந்த வைப்புமுறையே ஒரு கருத்து. அத்தியாய முடிவில், 'வானம் என்னை அழித்தது, போர்த்திறனில் குறையில்லை' என்று சியாங் யூ சொன்னதை அபத்தம் என்று கண்டிக்கவும் செய்கிறார். பொலிபியஸ் தன் கேள்வியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: 53 ஆண்டுகளுக்குள், அறியப்பட்ட உலகம் ஏறக்குறைய முழுவதும் எப்படி, எத்தகைய அரசமைப்பினால் ரோமின் கீழ் வந்தது? ஒருவர் மனிதர்களை வரிசைப்படுத்தி நியாயம் சொல்கிறார். மற்றவர் காரணங்களைத் தேடுகிறார். இதை வைத்துச் சீனம் இப்படி, மேற்கு இப்படி என்று பொதுமைப்படுத்தத் தோன்றும். அவசரப்பட வேண்டாம், சிமா சியெனின் பொருளாதாரக் கட்டுரையைப் படித்தால் அந்த முடிவு ஆட்டம் கண்டுவிடும்.

படி 7: எழுத்தை மண்ணோடு ஒப்பிடுதல்

கி.மு. 209-இல் எல்லைக் காவலுக்கு அனுப்பப்பட்ட 900 பேர் மழையால் வழியில் சிக்கிக்கொண்டார்கள். தாமதமாகப் போனால் சட்டப்படி மரணம், கிளர்ச்சி செய்தாலும் மரணம், எனவே கிளர்ச்சியே மேல் என்று அவர்களில் ஒருவரான சென் ஷெங் முடிவெடுத்ததாக ஷிஜி கூறுகிறது. சின் ஆட்சியின் கொடுமைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட சான்று இது. 1975-இல் ஹூபெய் மாகாணத்தின் ஷுய்ஹுதியில், சின் காலச் சிற்றதிகாரி ஒருவரின் கல்லறையிலிருந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் உள்ள கட்டாய உழைப்புச் சட்டத்தின்படி, மூன்று முதல் ஐந்து நாள் தாமதித்தால் கண்டனம். ஆறு முதல் பத்து நாளானால் ஒரு கேடயத்தின் அளவு அபராதம். பத்து நாளைத் தாண்டினால் ஒரு கவசத்தின் அளவு அபராதம். மரண தண்டனை இல்லை. காவற்படைப் பணிக்கு இதைவிடக் கடுமையான சட்டம் இருந்திருக்கலாம் என்று மறுப்போரும் உண்டு. விவாதம் முடியவில்லை. ஆனால் ஹான் காலத்தவர் தாங்கள் வீழ்த்திய அரசமரபைக் கறுப்பாகத் தீட்டியிருக்கக்கூடும் என்ற ஐயம் இப்போது உறுதியான காலில் நிற்கிறது.

இதற்கு இணையான ரோமானிய எடுத்துக்காட்டு பிரான்சின் லியோன் நகரில் 1528-இல் கிடைத்த வெண்கலப் பலகை. கால் (Gaul, ஏறக்குறைய இன்றைய பிரான்ஸ்) என்ற நிலப்பகுதியைச் சேர்ந்த பிரமுகர்களை ரோமானிய ஆட்சி மன்றமான செனட்டில் சேர்க்க வேண்டும் என்று கி.பி. 48-இல் பேரரசர் கிளாடியஸ் ஆற்றிய உரை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே உரையை வரலாற்றாசிரியர் டாசிடஸும் தருகிறார். டாசிடஸில் அது கட்டுக்கோப்பான, கூர்மையான வாதம். வெண்கலத்திலோ பேரரசர் பழைய ரோமானிய அரசர்கள், எட்ருஸ்கன் கதைகள் என்று சுற்றி வளைத்துக்கொண்டு போகிறார். விஷயத்துக்கு வரும்படி கிளாடியஸைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு வரிகூட அதில் இருக்கிறது. பண்டைய வரலாற்று நூல்களில் வரும் உரைகளை எந்த அளவு நம்பலாம் என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒரு மாலையில் தெரிந்துகொள்ளலாம்.

படி 8: இரண்டும் தொட்ட இடங்கள்

கி.பி. 97-இல் ஹான் தளபதி பான் சாவ், கான் யிங் என்பவரை ரோமை நோக்கி அனுப்பினார். கடற்கரை வரை சென்ற அவரிடம் பார்த்திய (பண்டைய ஈரானியப் பேரரசு) கடலோடிகள், காற்று சாதகமானால் மூன்று மாதம், இல்லாவிட்டால் இரண்டு ஆண்டும் ஆகும் என்று சொன்னார்கள். அவர் திரும்பிவிட்டார். 166-இல், தா சின் (ரோமுக்குச் சீனர்கள் இட்ட பெயர்) நாட்டு அரசன் அன்துன் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்ட சிலர், இன்றைய வியட்நாம் பகுதி வழியாக வந்து யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமையோடு ஆகியவற்றைக் கொடுத்ததாகப் பிற்கால ஹான் வரலாறு பதிவு செய்கிறது. அன்துன் என்பது மார்க்கஸ் அரேலியஸ் அன்டோனினஸாக இருக்க வேண்டும். காணிக்கையில் அரிய பொருள் எதுவும் இல்லையே என்று அந்தப் பதிவே ஐயப்படுகிறது. கொண்டுவந்தவை தென்கடல் சந்தைகளில் கிடைக்கும் சரக்குகள். எனவே வந்தவர்கள் தூதர்கள் அல்லர், வணிகர்களே என்று பலர் கருதுகிறார்கள்.

அந்தத் தென்கடல் வழியில்தான் நம் கரையும் இருந்தது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிடமிருந்து உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதும், அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் இத்தாலிய மட்கலங்களை அகழ்ந்தெடுத்ததும் இந்தக் கதையின் பகுதிகளே. சோழத் தூதர்கள் 1015-இல் சோங் அரசவைக்குச் சென்றதைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

மூலநூலை ஒப்பிடும் பயிற்சிக்கு, ஒரு பகுதியையாவது மொழிபெயர்ப்பு இல்லாமல் நாமே படிக்கக்கூடிய மும்மொழிக் கல்வெட்டு ஒன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தையொட்டி நிறுவப்பட்டது, 1409-ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய மரபுக்கும் காணிக்கை செலுத்துகிறது. காணிக்கைப் பட்டியல்களோ ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கின்றன: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். சீனப் பகுதியை மட்டும் படித்தவர் மிங் பேரரசர் பௌத்தப் பக்தர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

படி 9: அடுத்த வாசல்கள்

இவற்றை முடித்த பிறகு, அலமாரியில் வைத்த பருமனான நூலை எடுக்கலாம். இப்போது அதைப் படிக்க உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும்: ஹான் உடைந்த பிறகு 589-இல் சுய் அரசமரபு சீனாவை மீண்டும் ஒன்றாக்கியது, மேற்கு ரோம் உடைந்த பிறகு ஏன் யாராலும் அப்படி ஒட்ட முடியவில்லை? இதற்கு ஒற்றை விடை கொடுக்கும் நூலைச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

சீனப் பக்கத்தில் அடுத்து நிறுத்த வேண்டிய இடங்கள்: 755-இல் தொடங்கிய ஆன் லுஷான் கிளர்ச்சி, 1127-இல் சோங் அரசவை வடக்கை இழந்தது, 1644-இல் மஞ்சுக்கள் பெய்ஜிங்கைப் பிடித்தது. மேற்கில்: 800-இல் சார்லமேனின் முடிசூட்டு, 1347-இல் வந்த கொள்ளைநோய், 1517-இல் லூதர், 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி. இந்த வழியில் இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வொரு சீன அரசமரபின் அதிகாரபூர்வ வரலாற்றையும் பெரும்பாலும் அடுத்து வந்த அரசமரபே எழுதியது. எனவே கடைசிப் பேரரசர்கள் குடியர்களாகவும் கொடியவர்களாகவும் வரும்போது பென்சிலைக் கையில் எடுங்கள். ஹானுக்குப் பின் வந்த மூன்று அரசுகளின் காலத்தை நாவல், தொலைக்காட்சித் தொடர், கணினி விளையாட்டு வழியாக அறிந்தவர்கள், அந்த நாவல் நிகழ்ச்சிகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது என்பதையும், சென் ஷோவின் வரலாறு 3-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களும் ஒன்றாகக் கலக்கத் தொடங்குவது 1793-இல். பிரிட்டன் அனுப்பிய மெக்கார்ட்னி தூதுக்குழுவுக்குச் சியென்லோங் பேரரசர் அளித்த பதில் கடிதம், 1839-இல் அபினியை ஒடுக்க அனுப்பப்பட்ட சீன அதிகாரி லின் சேசு விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதம், அபினிப் போரை முடித்த 1842-இன் நான்ஜிங் ஒப்பந்தம் ஆகிய மூன்றும் சில பக்கங்களே கொண்டவை. மூன்றையும் ஒரே நாளில் படித்துவிடலாம். வங்காளத்திலும் மால்வாவிலும் விளைந்த அபினி, கப்பலேறி கான்டனுக்கு (இன்றைய குவாங்சோ) போன கதை அவற்றுக்கு நடுவே ஓடுகிறது. ஒப்பந்தத்தில் ஹாங்காங், ஐந்து துறைமுகங்கள், 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் இழப்பீடு எல்லாம் இருக்கின்றன. அபினி வணிகம் இனி நடக்கலாமா, கூடாதா என்ற வரியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.